பன்னிரண்டு அடிக்கு எந்த லென்ஸ்

என் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை வலி வந்ததால்தான் எங்கள் வீட்டுக்குள் மிரர்லெஸ் கேமரா வந்தது. அதற்கு முன்னால் அவரிடம் இருந்தது பழைய மாடல், உள்ளே கண்ணாடி வைத்தது, கல்லாகக் கனக்கும். அதை மாட்டி மாட்டி அவருடைய வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. நான் பிசியோதெரபிஸ்ட். ஊரார் தோளையெல்லாம் நிமிர்த்துகிறவள் வீட்டில் ஒருத்தர் கோணலாக நடமாடினால் என் தொழிலுக்கே இழுக்கு இல்லையா? "அந்தப் பாறாங்கல்லத் தூக்கிப் போட்டுட்டு எடை கம்மியா ஒண்ணு வாங்குங்க" என்று நானேதான் சொன்னேன். வாயைக் கொடுத்து வம்பை வாங்கிக்கொண்டது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மிரர்லெஸ் என்றால் உள்ளே அந்தக் கண்ணாடி கிடையாது. அதனால் கேமரா சின்னது, எடையும் பாதி. அது வீட்டுக்கு வந்த அன்று என் மாமனார் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். "கண்ணாடி இல்லாத வண்டிய எவன்டா வாங்குவான்? பின்னாடி வர்றவன் எப்படித் தெரிவான்?" என்று கேட்டார். மகன் கால் மணி நேரம் நின்று விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, பாத்து ஓட்டு" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதெல்லாம் மாமாவுக்கு நல்ல வாய். வீட்டில் ஒருத்தரையும் விடமாட்டார்.

எடை பாதியானது உண்மைதான். ஆனால் பையில் காலி இடம் வந்துவிட்டது. காலி இடத்தைப் பார்த்தால் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. "மிச்சமான எடைக்கு இன்னொரு லென்ஸ் வச்சுக்கலாமே" என்றார். வைத்தார். பிறகு இன்னொன்று. அவர் வேலை பார்ப்பது தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். தினமும் முப்பது நாற்பது பாட்டில் தண்ணீரை அளந்து, நிறுத்து, எழுதி வைக்கிற ஆள். அந்தப் புத்தியோடு என் சமையலறைத் தராசை எடுத்துப்போய் ஒவ்வொரு சாமானையும் நிறுத்தார். பை வாரில் தொங்கிய உபரி நாடாவைக் கத்தரித்துப் பதினான்கு கிராம் குறைத்துவிட்டேன் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே வாரம் தொள்ளாயிரம் கிராமில் ஒரு லென்ஸ் வந்து சேர்ந்தது. கடைசியில் பை பதினோரு கிலோ. பழைய பாறாங்கல் பை எட்டு கிலோதான் இருந்தது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை.

பைகள் தனிக் கதை. மொத்தம் ஏழு. முதுகுப்பக்கம் திறப்பது ஒன்று, விலாப்பக்கம் திறப்பது ஒன்று, மழைக்கு ஒன்று, பைக்குள் வைக்கும் பை மூன்று. ஒரு பை பார்ப்பதற்குக் கேமராப் பை மாதிரியே இருக்காது, திருடனுக்குத் தெரியாது என்பதற்காக வாங்கியது. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம், "இது கேமராப் பைன்னு சொல்லவே முடியாதுல்ல?" என்று அவரே சொல்லிவிடுவார். ஏழு பைக்கும் இடம் வேண்டும் என்று அலமாரியில் என் துணிகள் கட்டிலுக்கு அடியில் இறங்கின. 

இத்தனைக்கும் ஆலோசகர் ஒருவர் உண்டு. பல் டாக்டர், குருவிப் படமாக எடுப்பதால் அவர்களுடைய கேமராக் குழுவில் குருவியார் என்று பேர். ஒரு படத்தில் ஆயிரம் இறகு இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், அதில் பொய்யில்லை. அவர் போட்ட சட்டம் ஒன்று எங்கள் வீட்டில் வேதவாக்கு. "ஜூம் லென்ஸ் சோம்பேறிக்கு. கால் எதுக்கு இருக்கு? நடந்து போய் எடு." அன்றோடு தூரத்தையும் கிட்டத்தையும் ஒன்றிலேயே எடுக்கும் ஜூம் லென்ஸ் வீட்டை விட்டுப் போனது. பதிலுக்கு மூன்று வந்தன. முப்பத்தைந்து, ஐம்பது, எண்பத்தைந்து. முப்பத்தைந்து பக்கத்தில் நிற்பவர்களை முழுசாக எடுக்க. எண்பத்தைந்து கொஞ்சம் தள்ளி நிற்பவர் முகத்தை எடுக்க. ஐம்பது எதற்கென்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மூன்று லென்ஸ் என்றால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கையில் கேமரா, ஒரு கையில் கழற்றிய லென்ஸ், மாட்டப்போகும் லென்ஸுக்கு மூன்றாவது கை. கேமராவைத் திறந்தபடி வைத்தால் உள்ளே தூசி போய்விடும், கீழேயும் வைக்கக் கூடாது. கடவுள் கொடுத்தது இரண்டு கை, மூன்றாவது நான். கல்யாண வீடு, கடற்கரை, பஸ் நிறுத்தம் எங்கே போனாலும் அவர் நிமிர்ந்தே பார்க்காமல் "இதப் புடி" என்பார், நான் கையை நீட்டுவேன். இவ்வளவு செய்து ஒரு வருஷத்தில் எடுத்தது பதினோராயிரம் படம். அதில் நாலாயிரம் எதிர்வீட்டுச் செங்கல் சுவர், லென்ஸின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மாமாவுடைய படம் மூன்று. மூன்றிலும் பின்னாலிருந்த திரைச்சீலை பிரமாதமாக விழுந்திருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. நான் வேலை பார்க்கும் மறுவாழ்வு மையத்திலேயே சேர்த்தோம். அவ்வளவு பேசின மனுஷனிடம் மூன்று சொல்தான் மிஞ்சியது. "ம்", "சரி", "வேணாம்". முதல் மூன்று வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தார். பிறகு ஒரு நாள் காலையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று மாதம் எதற்கும் "வேணாம்"தான். நான் கெஞ்சினேன், அதட்டினேன், அழுதும் பார்த்தேன். படுத்துவிட்டவர்களுடைய கால் தசை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத பயமெல்லாம் எனக்கு இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மகன் பார்க்க வந்தார். உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நின்றார், ஏனென்றால் பை வார் கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. நான் வழக்கம்போல அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தேன். "எதுவரைக்கும் நடக்கலாம் மாமா? ஜன்னல் வரைக்கும்?"

"வேணாம்."

"பாத்ரூம் வரைக்கும்?"

"வேணாம்."

"அப்ப எங்கதான் போகணும்?"

அவர் இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மகனைத்தான் காட்டினார்.

"அவர்கிட்டயா? போய்?"

மாமா என் விரல்களைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். "அவர் கையப் புடிக்கணுமா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் உழைத்த உழைப்பை நான் வேறு எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை. நாற்காலியிலிருந்து எழுவதற்கே நாலு நாள் ஆனது. இரண்டு பக்கக் கம்பியைப் பிடித்து நிற்பது ஒரு வாரம். வலது கணுக்காலில் பட்டை கட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி, நான் பின்னால் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, மூன்று அடி, ஐந்து அடி, ஏழு அடி. வியர்த்து விறுவிறுத்துப் போவார். "போதும் மாமா" என்றால் "வேணாம்" என்பார், அதாவது நிறுத்த வேண்டாம். கைக்கம்பு இல்லாமல் பன்னிரண்டு அடி என்று அவரே விரல் விட்டுக் காட்டினார். அவருடைய அறை வாசலிலிருந்து மகன் வந்து நிற்கிற வராந்தாக் கதவு பன்னிரண்டு அடி தூரம். இது நடக்காமல் போனால் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார், இந்தத் தடவை யாராலும் திருப்ப முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். "சனிக்கிழமை பத்து மணிக்கு. நீங்க வராந்தா கடைசில நிக்கணும். அப்பா நடந்து வந்து உங்க கையப் புடிப்பாரு. மூணு வாரமா அதுக்குத்தான் பாடுபடுறாரு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இல்லாததைச் சொல்லமாட்டேன், கெட்ட மனுஷன் இல்லை அவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, "அந்த வராந்தால வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?" என்று கேட்டார்.

"கேமரா வேணாமேங்க."

"அப்பாவுக்கு இப்படி ஒரு நாள் திரும்ப வருமா? எடுக்கலன்னா நான் என்ன மகன்?"

"ஒரே ஒரு படம். எடுத்துட்டுக் கழுத்துல தொங்க விட்டுடணும்" என்று ஒத்துக்கொண்டேன். உரலில் தலையைக் கொடுத்தது நான்தான்.

வியாழக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு வந்து வராந்தாவை அளந்தார். நர்ஸ் ஒருத்தி, புதுத் தரை போடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் எங்கள் கூடத்தில் ஒத்திகை. நான்தான் மாமா. சமையலறை வாசலிலிருந்து தெருக்கதவு வரைக்கும் வலது காலை இழுத்து இழுத்து ஒன்பது தடவை நடந்தேன். "இன்னும் கொஞ்சம் மெதுவா. தலையத் தூக்கு. நீ ரொம்ப நல்லா நடக்கிற" என்று அதட்டல் வேறு. இடையில் குருவியாருக்குப் போன். முகத்தில் உணர்ச்சி வேண்டும் என்றால் எண்பத்தைந்துதான் என்று தீர்ப்பு வந்தது. ஐம்பதும் முப்பத்தைந்தும் எதற்கும் இருக்கட்டும் என்று பையில் ஏறின. எந்தப் பை என்று வெள்ளிக்கிழமை பூராவும் முடிவாகாமல், சனிக்கிழமை இரண்டு பையோடு வந்து நின்றார்.

ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். பைகளை வராந்தா நடுவில் வைத்தார். வழியை மறிக்காதீங்க என்று நர்ஸ் சத்தம் போட்டதும் தனக்குப் பின்னால், கதவை ஒட்டி, தள்ளி வைத்துக்கொண்டார். மாமாவுக்குச் சவரம் செய்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். இடது கையால் காலரை அவரே சரி செய்துகொண்டார்.

எழுந்தார். நான் பின்னால் பெல்ட்டைப் பிடித்தேன். முதல் அடி இடது கால். அடுத்து வலது காலை இடுப்பிலிருந்து தூக்கி, வளைத்து, முன்னால் வைத்தார். இரண்டு. மூன்று. அவர் கண் தரையில் இல்லை, மகன் மேல் இருந்தது. கேமராவில் சத்தமே வராது, மிரர்லெஸ்ஸின் பெருமைகளில் அது ஒன்று. அவர் எடுக்கிறாரா இல்லையா என்று விரலைப் பார்த்தால்தான் தெரியும். நாலு, ஐந்து, ஆறு. இடது கை காற்றில் பாலன்ஸுக்கு ஆடியது. ஏழாவது அடியில் லேசாகச் சாய்ந்து, தானே நிமிர்ந்தார். நான் பெல்ட்டை இழுக்கவே இல்லை.

எட்டாவது அடியில் வந்தது வினை. எண்பத்தைந்து என்பது தள்ளி நிற்பவர்களுக்கான லென்ஸ். வருகிறவர் கிட்டே வந்துகொண்டே இருப்பார் என்பதைக் குருவியாரும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. குருவி யார் கையையும் பிடிப்பதற்காக நடந்து வருவதில்லை. மாமாவின் தலையும் தோளும் சட்டத்துக்குள் அடங்கவில்லை போலிருக்கிறது. இவர் ஒரு அடி பின்வாங்கினார். குதிகால் பையில் இடித்தது. அதற்கு மேல் போகக் கதவு. நெருப்புப் பிடித்த வீட்டில் நிற்கிறவர் முகத்தோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே உட்கார்ந்து பையைத் திறந்தார்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் நடக்கிறவர் காதுக்குப் பின்னால் கத்தக்கூடாது, திடுக்கிட்டால் விழுந்துவிடுவார். என் தொழிலில் அது முதல் பாடம். பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒன்பது. பத்து. கீழே எண்பத்தைந்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. பதினொன்று. மாமா மூச்சு வாங்கினார். பன்னிரண்டு.

நின்றார். ஒன்றையும் பிடிக்காமல், தன் இரண்டு காலில் நின்றார். இடது கையை மெல்ல மகனை நோக்கி நீட்டினார்.

கீழே குனிந்திருந்தவர் ஒரு கையில் திறந்த கேமரா, ஒரு கையில் கழற்றிய லென்ஸ். பக்கத்தில் ஒரு கை வருவது தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. "இதப் புடி" என்று லென்ஸை அந்தக் கையில் வைத்தார்.

மாமா அதைப் பிடித்துக்கொண்டார். தொள்ளாயிரம் கிராம். ஒரு பக்கம் செத்த கை, ஒரு பக்கம் லென்ஸ், விழுந்தால் ஊன்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நான் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். என் புருஷனை அந்த நிமிஷம் வெறுத்தேன். சாதாரணமாக வரும் கோபம் இல்லை அது, நிஜமாகவே வெறுத்தேன். அவர் முப்பத்தைந்தைத் தேடி எடுத்து, மூடியைக் கழற்றி, ஊதி, மாட்டி, 'டக்' என்று திருகி, எழுந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாற்பது விநாடி. அதுவரை மாமா பதினைந்து விநாடிக்கு மேல் தனியாக நின்றதே இல்லை.

"அப்பா! சூப்பர்ப்பா! அப்படியே நில்லுங்க!" என்று விநாடிக்கு இருபது படம் வீதம் எடுத்தார்.

"சரி" என்றார் மாமா.

சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து உட்காரவைத்தோம். மகன் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார், "கலக்கிட்டீங்கப்பா" என்றார், லென்ஸைத் திரும்ப வாங்கினார். கண்ணாடியில் விரல் ரேகை பட்டிருந்தது. பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தார். அறைக்குப் போனதும் மாமா கட்டிலில் படுத்தார். அன்று முழுக்க ஒரு சொல்கூடப் பேசவில்லை.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை. படம் குழுவுக்குப் போய்விட்டது. நூற்றி இருபது பேர் கைதட்டிவிட்டார்கள், எந்த லென்ஸ் என்று நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். இந்தப் பெரியவர் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெளிச்சத்தை இன்னும் அரைப்படி குறைத்திருக்கலாம் என்று குருவியார் எழுதியிருந்தார்.

"இங்க வந்து பாரேன். கண்ணு எவ்வளவு ஷார்ப்பா விழுந்திருக்கு!" என்று கூப்பிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், ஆனால் இவர் லென்ஸைக் குறை சொல்ல முடியாது. படத்தைப் பெரிசாக்கிக்கொண்டே போனார். முகம், மூக்கு, கண், இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. திடீரென்று நெற்றியைச் சுருக்கினார். "இதென்ன கண்ணுக்குக் கீழ பளபளன்னு? டியூப்லைட் பட்டு அடிக்குதா?"

"அது தண்ணி" என்றேன்.

"தண்ணியா?"

"தினமும் நாப்பது பாட்டில் தண்ணியச் சோதிக்கிறீங்கல்ல, இது தெரியலையா?"

அவர் திரையையே பார்த்தார். "எதுக்கு அழுதாரு? சந்தோஷத்துலயா?"

"உங்க கையப் புடிக்கணும்னு பன்னெண்டு அடி நடந்து வந்து கைய நீட்டுனாரு. அதுல லென்ஸத் தூக்கி வச்சீங்க."

"அது நீதானே..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எடுத்த படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றாவது அடி, நாலாவது, ஏழாவது. எட்டுக்கு அப்புறம் பன்னிரண்டுக்குத் தாவியது. இடையில் ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஆனாலும் இரண்டு பேரும் போனோம். அவர் ஒரு பையும் எடுக்கவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வழியெல்லாம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார் என்று மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. நர்ஸிடம் கேட்டுப் போட்டுக்கொண்டாராம். வராந்தாக் கதவண்டை மகன் நிற்பதைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். நான் ஓடிப்போய்ப் பெல்ட்டைக் கட்டினேன்.

நேற்றைவிடச் சீராக நடந்தார். எங்கேயும் சாயவில்லை. பன்னிரண்டாவது அடியில் நின்று, மூச்சை விட்டு, இடது கையை நீட்டினார்.

நேற்று நீட்டின மாதிரி இல்லை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. விரல்களைச் சற்றே குவித்து, ஒரு பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி, கை நடுங்காமல் இருக்க முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தார். மகனுக்கு ஒத்தாசையாக லென்ஸைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் அதில் வைத்தார். மாமா அதைப் பிடித்துக்கொண்டு, மகனுடைய வெறும் தோளிலும், அவருக்குப் பின்னால் தரையிலும் எதையோ தேடினார். முகத்தில் கவலை வந்தது. வாயைக் கோணி, இரண்டு தடவை முயன்று, ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் புதிதாக ஒரு சொல் சொன்னார்.

"பை?"

"வீட்டுல இருக்குப்பா" என்றார் மகன். மாமா தலையாட்டினார், கையை விடவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் தாங்குவதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன், பெல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டேன்.